ஐப்பசிக் காற்றும் அரிச்சல்முனைப் பறவைகளும்

தேனி மாவட்டத்து வீரபாண்டியைச் சித்திரை மாதத்தில் கண்டவர் பலர். கௌமாரியம்மன் கோவில் திருவிழா நாட்களில் முல்லையாற்றின் இரு கரைகளும் மக்கள் வெள்ளத்தில் திணறும். ஆனால் ஐப்பசி மாதத்து வீரபாண்டியை அறிந்தவர், அங்கேயே பிறந்து அங்கேயே ஏர் பிடித்தவர் மட்டுமே. 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகிறது. முதற்போக அறுவடை முடிந்து, இரண்டாம் போகத்திற்கு வயலை உழுது சேறாக்கும் காலம் ஐப்பசி. அந்தச் சேற்றில் நமக்கு முன்பாகவே இறங்கி நடப்பவை மஞ்சள் வாலாட்டிக் குருவிகள். கலப்பை ஓடிய காலத்தில் கலப்பையின் பின்னாலும், இன்று டிராக்டரின் பின்னாலும், வாலை மேலும் கீழும் ஆட்டியபடி அவை புழு பூச்சிகளைப் பொறுக்கித் தின்று கொண்டே வரும்.

எங்கள் தந்தையார் எழுபத்து நான்கு வயது நிரம்பிய விவசாயி. பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. எனினும், அந்தக் குருவிகள் எந்த வாரத்தில் வரும், எந்த வாரத்தில் ஒரே நாளில் காணாமற்போகும் என்பதை நாட்காட்டியைப் பாராமலே சொல்வார். "இத்தனை வருசமா வருதுக. எங்கிருந்து வருதுன்னு ஒருத்தரும் சொன்னதில்லை" என்பது அவர் ஆண்டுதோறும் சொல்லும் வாசகம். நாங்களும் ஆண்டுதோறும் கேட்டுச் சிரித்துவிட்டு எங்கள் வேலையைப் பார்த்து வந்தோம்.

சிரிப்பை நிறுத்தியது ஒரு மருத்துவரின் சொல். வரப்பில் நடக்கையில் தந்தையார் இரண்டு முறை இடறி விழுந்தார். மூப்பின் தளர்ச்சி என்று எண்ணிய நாங்கள், மூன்றாம் முறை விழுந்த பிறகே அவரை மதுரைக்கு அழைத்துச் சென்றோம். கண்ணில் நீர் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு நலிந்துவிட்டது என்றார்கள். இந்நோய் வலிப்பதில்லை, சிவப்பதில்லை. பார்வையின் ஓரங்களைச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டே வந்து, நடுவில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போன்ற நிலையில் நிறுத்துகிறது. போன பார்வை திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். பேருந்தில் திரும்பும் வழியில் ஆண்டிப்பட்டிக் கணவாய் கடக்கும்வரை தந்தையார் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தக் குருவிக கடல்ல எங்கே வந்து எறங்குதுன்னு ஒரு தடவை பார்த்துடணும்" என்றார்.

அவ்வாறு தொடங்கியது எங்கள் இராமேசுவரம் பயணம்.

எங்கள் ஊர்ப் பக்கத்துச் சந்தைகளுக்குக் கருவாடு கொண்டுவரும் வியாபாரி ஒருவர், தங்கச்சிமடத்தில் நாட்டுப்படகு வைத்திருக்கும் தம் உறவினர் வீட்டில் எங்களுக்கு ஓர் அறையை ஏற்பாடு செய்து தந்தார். பள்ளி விடுமுறையில் இருந்த எங்கள் மகனும் உடன் வந்தான். கல்லறைத் திருநாளுக்கு நான்கு நாட்கள் முன்னதாக, விடியற்காலையில் வீரபாண்டியிலிருந்து புறப்பட்டோம். தேனி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று பேருந்து ஓட ஓட, மேற்கு மலைத்தொடரின் நீலம் பின்தங்கி, கருவேலங்காடும் கண்மாயும் பனையும் எங்களை எதிர்கொண்டன. மண்டபத்தை நெருங்கும்போதே காற்று பேருந்தின் கண்ணாடிகளைத் தட்டத் தொடங்கிவிட்டது.

பாம்பன் கடலை மக்கள் கடக்கும் வழிகளில் மூன்று தலைமுறையின் கதை இருக்கிறது. 1914இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலம், கப்பல்களுக்கு வழிவிடத் தன் நடுப்பகுதியை இரு கைகளைப்போல் விரித்து உயர்த்தும் அமைப்புடையது. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் அதன்மேல் வண்டி ஓடக் கூடாது என்பது விதியாக இருந்தது. 1988இல் சாலைப் பாலம் வந்தது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் அருகே, நடுப்பகுதி அப்படியே நேராக மேலெழும் புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. சாலைப் பாலத்தின்மேல் எங்கள் பேருந்து ஊர்ந்தபோது கீழே கடல் சாம்பல் நிறத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. மகன் பேருந்துக்குள் எழுந்து நின்று, "தாத்தா, கடலுக்கு நடுவுல போறோம்!" என்று கூவினான். தந்தையார் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "சத்தம் கேக்குதுடா" என்றார்.

தங்கச்சிமடத்தில் எங்களை வரவேற்ற முதற்செய்தி இனியதன்று. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருந்தது. பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருந்தது. படகுகள் யாவும் கரையேற்றப்பட்டோ நங்கூரமிட்டோ நின்றன. வீட்டுக்காரர் வலையை ஒட்டுப்போட்டுக்கொண்டே, "நல்ல நேரத்துல வந்தீங்க, அண்ணே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்த கசப்பு எங்களுக்கு அன்று விளங்கவில்லை.

இந்தத் தீவின் கடல் இரண்டு. வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும், அலை மிகுந்த தென்கடலை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வதுண்டு. ஆனால் வாடைக் காலம் பிறந்துவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. வடகிழக்குக் காற்று நேரே மோதுவதால் வடகடல் குமுறுகிறது. தீவின் மணல்மேடுகள் மறைப்பதால் தென்கரையோரம் ஓரளவு அடங்கிக் கிடக்கிறது. மீனவர் தம் படகை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று இக்கணக்கைக் கொண்டே முடிவு செய்கிறார். பறவைகளும் அதே கணக்கைக் கொண்டே தாங்கள் இறங்குமிடத்தை முடிவு செய்கின்றன என்பதை அடுத்த நாள்தான் கற்றுக்கொண்டோம்.

முதல் நாள் முழுவதும் மழை. கூரைத் தகரத்தின்மேல் அது கொட்டிய கொட்டில், அறையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. இரவல் வாங்கிவந்த பைனாகுலர் ஆணியில் தொங்கியது. மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

இரண்டாம் நாள் முற்பகலில் மழை சற்றே விட்டது. ஓர் ஆட்டோவை அமர்த்திக்கொண்டு தனுஷ்கோடிச் சாலையில் சென்றோம். அரிச்சல்முனைக்குச் செல்லும் வழியைக் காவல்துறையினர் தடுப்பு வைத்து அடைத்திருந்தார்கள். அதற்கு முன்னதாகவே, கோதண்டராமர் கோவிலை அடுத்துப் பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பின் ஓரத்தில் இறங்கினோம். நிற்க முடியவில்லை. மணல் ஊசிபோல் முகத்தில் குத்தியது. குடை ஒரே வீச்சில் கிளைமுறிந்த மரமாயிற்று.

பறவை ஒன்றுமே இல்லை என்றுதான் முதலில் நினைத்தோம். ஒரு தாழ்ந்த மணல்மேட்டின் தென்புறம், புதர்களின் மறைவில் நாங்களும் ஒதுங்கிய பிறகே கண் பழகியது. எங்களுக்கு நூறடி தொலைவில், மணலோடு மணலாக, சிறு சிறு கற்களைப் பரப்பியதுபோல் உயிர்கள் உட்கார்ந்திருந்தன. உப்புக்கொத்திகளும் உள்ளான்களும்! ஒன்றுகூடத் திசை மாறாமல், அத்தனையும் காற்றை நோக்கி முகம் வைத்திருந்தன. காற்றுக்கு முதுகு காட்டினால் இறகு கலைந்து உடற்சூடு போய்விடும். காற்றை எதிர்கொண்டால் இறகு படிந்து உடலைக் காக்கும். இறக்கையை விரித்தவுடன் எழும்பவும் எதிர்காற்றே துணை செய்யும். சில ஒற்றைக் காலில் நின்றன. கடற்காகங்கள் சற்றுப் பின்னால் கூட்டமாக அமர்ந்திருந்தன. ஆலாக்கள் மட்டும் அந்தக் காற்றிலும் எழுந்து, ஒரே இடத்தில் இறக்கை அடித்து நின்று, கலங்கிய நீரில் மீன் தேடின.

எங்கள் தந்தையார் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். அவருடைய பார்வையின் சிறு வட்டத்துக்குள் அந்தக் கருவியின் வட்டம் பொருந்தவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நாங்கள் என்ன சொல்வதென்று அறியாமல் நின்றோம். அப்போது எங்கள் மகன், எவரும் சொல்லாமலேயே, தாத்தாவின் தோளோடு தோள் ஒட்டி நின்று, "தாத்தா, முன்னாடி சின்னதா பதினெட்டு இருக்கு. முதுகு மண் நிறம். வயிறு வெள்ளை. ஒண்ணு எழுந்திருச்சு ஓடுது. நின்னுடுச்சு. மறுபடி ஓடுது" என்று சொல்லத் தொடங்கினான். தந்தையார் தலையாட்டிக்கொண்டே, "ஓடி நின்னு, ஓடி நின்னு போகுதா? அப்போ அது கொத்தி. விடாம குனிஞ்சு குத்திக்கிட்டே போனா உள்ளான். நம்ம கண்மாயிலயும் அதே நடைதான்" என்றார். அதுவரை நாங்கள் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்த வேறுபாட்டை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். உப்புக்கொத்தி கண்ணால் இரை தேடுவது. ஆகவே நின்று பார்த்து ஓடும். உள்ளான் அலகின் நுனியால் சேற்றைத் தடவித் தேடுவது; ஆகவே ஓயாமல் குத்தும்.

இவ்வளவு சிறிய உயிர்கள் எங்கிருந்து வருகின்றன? அந்த மணல்மேட்டில் ஒடுங்கியிருந்த சிறு உப்புக்கொத்தி, இமயத்துக்கு அப்பால் திபெத்து, லடாக்குப் பகுதிகளின் உயர்ந்த வெளிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது. பழுப்புத்தலைக் கடற்காகம் நடு ஆசியாவின் மலை ஏரிகளில் பிறப்பது. அலையின் நுனியோடு ஓடித் திரும்பும் வெள்ளை உள்ளானோ வடதுருவத்தை ஒட்டிய பனிநிலத்துக் குழந்தை. வடக்கே குளிர் முற்றி நிலமும் நீரும் உறையும்போது இரை கிடைக்காது. ஆகவே இவை தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. நடு ஆசிய வான்வழி என்று அறிஞர் பெயரிட்ட இந்தப் பாதை, முப்பது நாடுகளின் மேலாக இந்தியப் பெருங்கடல் வரை வருகிறது. புறப்படும் முன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, கதிரவனையும் விண்மீன்களையும் பூமியின் காந்தப் புலத்தையும் வழிகாட்டிகளாகக் கொண்டு, பல இனங்கள் இரவிலேயே பறக்கின்றன.

மூக்கன் எனப்படும் கரைப்பறவையின் ஓர் இளங்குஞ்சு, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவு வரை 13,560 கிலோமீட்டரை, எங்கும் இறங்காமல், 11 நாட்களில் கடந்தது. அதன் உடலில் பொருத்திய சிறு கருவி வழியாக இது தெரியவந்தது. அதற்கு முன்பு அக்குஞ்சு அவ்வழியில் ஒரு முறையும் சென்றதில்லை! நம் நாட்டில் பறவைகளின் காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி இவ்விதப் பயணங்களை ஆராயும் பணியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலமாகச் செய்து வருகிறது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி அப்பணிக்குத் தலைமை வகித்தார். நம் கோடியக்கரை அந்த ஆய்வின் முதன்மையான களங்களுள் ஒன்று.

மாலையில் நனைந்து திரும்பினோம். இரவு உணவின்போது, மறுநாளும் காற்று தணியாதென்று வானொலி சொல்லிற்று. எங்களுள் ஒருவர் வாய் தவறி, "வந்த நாளெல்லாம் வீணாப் போச்சு" என்று சொல்லிவிட்டோம். வீட்டுக்காரருடைய தாயார், எழுபதைத் தாண்டிய அம்மையார், சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். கோபமின்றியே, "உங்களுக்கு நாளு வீணாப் போச்சு, ஐயா. எங்களுக்கு அடுப்பு வீணாப் போச்சு. படகு போயி ஆறு நாளாச்சு" என்றார்.

எங்கள் கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது. பரிமாறப்பட்டிருந்த மீன், அவர்கள் விலை கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எங்கள் அறிவுக்கு எட்டியது. விருந்தினர் நாங்கள் காற்று அடங்க வேண்டினோம், பறவை பார்ப்பதற்காக; அவர்களும் காற்று அடங்க வேண்டினார்கள், உலை வைப்பதற்காக. தந்தையார்தாம் பேச்சை எடுத்தார். "மழை பொய்ச்சா எங்களுக்கும் அடுப்பு இப்படித்தாம்மா" என்றார். அதன் பிறகு வயலும் கடலும் ஒன்றோடொன்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தன.

அன்றிரவுதான் அந்த அம்மையார் 1964ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னார். அப்போது அவர் சிறுமி. பதினேழு வயதான அவருடைய அண்ணன் தனுஷ்கோடித் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் வேலையில் இருந்தார். அந்நாளில் சென்னையிலிருந்து வரும் இரயில் தனுஷ்கோடி வரை செல்லும். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போகும். தென் மாவட்டங்களிலிருந்து இலங்கைக்குப் பிழைக்கப் போனவரும் திரும்பி வந்தவரும் அவ்வழியே நடந்தனர். "கிறிஸ்மசுக்குப் பாவாடைத் துணி வாங்கியாறேன்னு சொல்லிட்டுப் போச்சு" என்றார் அம்மையார். டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் புயல் கரையைக் கடந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் இரயிலைக் கடலலை அடித்துக்கொண்டு போயிற்று. அதில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலையமும் அஞ்சலகமும் கோவிலும் குடியிருப்புகளும் ஒரே இரவில் இடிபாடுகளாயின. அவ்வூர் வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தைப் பொறியாளர்கள் 46 நாட்களில் சீர்செய்துவிட்டார்கள். அந்த அண்ணனின் உடலோ கிடைக்கவே இல்லை.

"எல்லாரும் கல்லறைத் திருநாளுக்குக் கல்லறைக்குப் போவாங்க. எனக்குப் போறதுக்குக் கல்லறை இல்லை. அதனால தனுக்கோடிக்குப் போவேன்" என்றார் அம்மையார். சாலை இல்லாத நாட்களில் மணலில் நடந்தும், வேனில் குலுங்கியும் போயிருக்கிறார். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு எளிதாயிற்று. இந்த ஆண்டு காற்று விடுமோ விடாதோ என்பதே அவர் கவலை.

மூன்றாம் நாளும் மழை. நான்காம் நாள் நவம்பர் 2. கோவிலில் திருப்பலி முடிந்து மக்கள் கல்லறைத் தோட்டத்தை நோக்கி நடந்தார்கள். மழையில் நனைந்த சாமந்தியும் மெழுகுவர்த்தியும் கைகளில் இருந்தன. அம்மையாருடைய கணவரின் கல்லறையில் பூ வைத்துச் செபித்தோம். பத்து மணியளவில் காற்று மெல்லத் தணிந்தது. தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்துவிட்டது என்றார்கள். சாலைத் தடுப்பு அகற்றப்பட்டதாகத் தெரிந்தவுடன், வீட்டுக்காரர் ஒரு வேனைக் கொண்டுவந்தார். அம்மையாரும் எங்கள் தந்தையாரும் முன்னிருக்கையில் அமர்ந்தார்கள்.

தனுஷ்கோடியில் பவளப்பாறைக் கற்களால் கட்டிய பழைய கோவிலின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. அம்மையார் அதன் முன் முழந்தாளிட்டார். அவர் ஏற்றிய மெழுகுவர்த்தி மூன்று முறை அணைந்தது. நான்காம் முறை ஏற்றவில்லை. "அதுக்குத் தெரியும், நான் வந்தது" என்று சொல்லி எழுந்து, எஞ்சிய பூக்களைக் கடலில் விட்டார். அலை அவற்றை மீண்டும் மீண்டும் கரைக்கே கொண்டுவந்தது. எங்கள் மகன் அவற்றைப் பொறுக்கி, முழங்காலளவு நீரில் இறங்கி, அலை திரும்பும் வேளை பார்த்து அப்பால் விட்டு வந்தான்.

அந்த அமைதியில்தான் தந்தையார் சட்டென்று தலையை நிமிர்த்தினார்.

"கேக்குதா?"

எங்களுக்கு அலையோசையன்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கோவில் இடிபாட்டின் பின்புறம் கையை நீட்டினார். "சீப்பு, சீப்புன்னு... வாலாட்டிடா! நம்ம வயல் வாலாட்டி!"

ஓடிச்சென்று பார்த்தோம். மழைநீர் தேங்கிய பள்ளத்தின் ஓரம், குட்டைப் புல்லில், பத்துப் பன்னிரண்டு மஞ்சள் வாலாட்டிகள்! மேனி நனைந்து இறகு ஒட்டிப்போய், களைத்த நடையாக நடந்து, ஆயினும் ஒவ்வோரடிக்கும் வாலை ஆட்ட மறவாமல் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன. இடிந்த சுவர்களின் மேல் தகைவிலான்கள் வரிசையாக அமர்ந்து இறகு உலர்த்தின. இந்த முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் கடல். இலங்கைக்குச் செல்லும் சிறு பறவைகள் கடைசியாகக் கால் ஊன்றும் மண் இது. வழியில் மழையும் காற்றும் மடக்கினால், பறப்பதை நிறுத்திக் கண்ட முதல் தரையில் இறங்கி, வானம் தெளியும்வரை காத்திருந்து, மறுபடி புறப்படுகின்றன. ஏறக்குறைய 17 கிராம் எடையுள்ள ஓர் உயிர்! நடு ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் புறப்பட்டு வரும் இதன் இனத்தவரே நம் முல்லையாற்றங்கரை வயல்களிலும் இறங்குகிறார்கள்.

தந்தையார் ஒரு கல்லின்மேல் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அம்மையார் அருகே வந்து, "இந்தக் குருவியா? இது வந்துட்டா வாடை வந்தாச்சுன்னு எங்கய்யா சொல்லும். எங்கிருந்து வருதோ, பாவம்" என்றார்.

"நான் இத்தனை வருசமா கேட்டுக்கிட்டிருக்கிறதும் அதைத்தாம்மா" என்றார் தந்தையார்.

எங்கள் மகன் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, தான் புத்தகத்தில் படித்தவற்றையெல்லாம், பனிநிலத்திலிருந்து தொடங்கி, மணலில் கோடு கிழித்துச் சொல்லிக்கொடுத்தான். தந்தையாருக்குக் கோடு சரியாகத் தெரியாததால் அவர் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் வழியே நடத்திச் சென்றான்.

பூநாரைகளைக் காணவில்லையே என்று வாசகர் கேட்கலாம். காணவில்லை. அவை பெருந்திரளாக வந்து நிற்பது பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில். அவற்றுக்காகவே தமிழக அரசு 2025 ஜூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, தனுஷ்கோடியில் ஏறத்தாழ 525 ஹெக்டேர் பரப்பைப் பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவித்துள்ளது. அங்கே செல்வோர் பறவைக் கூட்டத்துக்குள் ஓடி அவற்றைப் பறக்கடித்துப் படம் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். நெடுந்தொலைவு பறந்து களைத்த உயிர் வீணாக ஒரு முறை எழும்பினாலும், அடுத்த கடலைக் கடக்கச் சேர்த்து வைத்த வலிமையில் ஒரு பங்கு குறைகிறது. புயற்கூண்டு ஏறியிருக்கும்போது முனைக்குச் செல்ல முயல்வதும் கூடாது. அந்தக் கூண்டின் பொருளை உயிர் கொடுத்துக் கற்ற மண் அது.

மறுநாள் விடியலில் நாங்கள் புறப்பட்டபோது வீட்டுக்காரர் இல்லை. கூண்டு இறங்கிவிட்டது, இரவே படகு கடலுக்குப் போய்விட்டது. அம்மையார் ஒரு பொட்டலம் கருவாட்டை எங்கள் கையில் திணித்தார். நாங்கள் கொடுத்த பணத்தில் அறை வாடகைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்க மறுத்துவிட்டார். "அடுத்த வருசம் எங்க வயல் அரிசி வரும்மா" என்றார் தந்தையார்.

வீரபாண்டி திரும்பிய மறுநாள் காலையில் எங்கள் வயலில் டிராக்டர் இறங்கியது. தந்தையார் வரப்பில் கோலூன்றி நின்றார். அவர் கண்ணுக்குத் தெரியும் அந்தச் சிறு வட்டத்துக்குள் ஒரு மஞ்சள் வாலாட்டி நடந்து வந்தது. பிறகு வட்டத்தை விட்டு வெளியேறியது. அவர் தலையைத் திருப்பித் தேடவில்லை. "இருக்கு. சத்தம் கேக்குது" என்றார்.

அன்பார்ந்த வாசகர்களே, இப்பயணம் எங்களுக்கு இரண்டு கடமைகளைக் கற்பித்தது. நாற்பது வயதைத் தாண்டியவர், வலி இல்லை என்பதற்காகக் காத்திராமல், ஆண்டுக்கொரு முறை கண்ணின் நீர் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் கட்டாயம் சோதிக்க வேண்டும். நாங்கள் மூன்று முறை இடறும்வரை காத்திருந்தோம். நீங்கள் அவ்வாறு காத்திருக்க வேண்டாம். இது முதற்கடமை.

நம் வீட்டுப் பெரியவர் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கும். நாம் சிரித்துவிட்டுப் போகும் கேள்வி அது. அவர் பார்வை இருக்கும்போதே, செவி இருக்கும்போதே, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதற்கு விடை தேடிப் புறப்படுவது இரண்டாம் கடமை. வழியில் காற்றடிக்கலாம், தேடிப் போனது கிட்டாமலும் போகலாம். எங்கள் தந்தையாருக்குக் கிடைத்தது போல, தேடாத இடத்தில் தெரிந்த குரலொன்று கேட்கவும் கூடும்.